ஏறியாச்சா என்று கேட்டால்

குருவிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை சின்னவள் எழுதுவது. இங்கே நாங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவர் மேல் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருந்தால் எனக்குப் போதும். ரயில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்காது, உனக்கு அப்போது நாலு வயசு. அதே வருஷம்தான் சினிமாக் கொட்டகையின் கூரை காற்றில் பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் போய் உட்கார்ந்தது, உன் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை கண்டது, சின்னவள் வயிற்றில் இருந்தாள். பாலம் போனதால் காட்டுப் பக்கம் போக வழியில்லாமல் மரக்கடை முதலாளி ஆறு சீட்டு விமானம் ஒன்றைப் பழசாக வாங்கி, நான் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த சின்ன விமான நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த வருஷம்தான். நீ இப்போது அதே மாதிரி ஒன்று வாங்கப் போவதாகவும் நல்லது கெட்டதை யோசித்துச் சொல்லும்படியும் கேட்டிருப்பதால் இதையெல்லாம் கிளறுகிறேன். என் வலது கண் ஆபரேஷனுக்குப் பிறகு தெளிவாக இருக்கிறது, சின்னவளுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, சமையலறைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, அது போகட்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைக் கொண்டுவரும் உன் வேலைக்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம், மண் தரையிலும் இறங்கும், புதுசுக்கு ஆசைப்பட்டு வாழ்நாள் பூராவும் கடன்காரியாக இருப்பதற்கு இது மேல். கெட்டது என்னவென்றால், ஆறு சீட்டு என்பதை ஆறு பேர் என்று நினைத்துவிடாதே, டேங்க்கையும் நிரப்பி ஆறு பேரையும் ஏற்றினால் கோழி கூரை ஏறப் பார்த்த மாதிரி ஓடிக்கொண்டே இருக்குமே தவிர எழும்பாது. பழைய எஞ்சின் மாமனார் மாதிரி, நேற்றுவரை நன்றாகப் பேசிவிட்டு இன்று காரணமே இல்லாமல் முறைத்துக்கொள்ளும். இதை எழுதும்போது சின்னவள் சிரிக்கிறாள், அவள் மாமனாரைச் சொன்னதாக நினைப்பு. கடலோரத்தில் நின்ற விமானம் என்றால் இறக்கைக்குள் உப்பு அரித்திருக்கும், பிரித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. நிறுத்த இடம், இன்ஷூரன்ஸ், வருஷா வருஷம் சோதனை என்று யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். இவ்வளவோடு போயிருந்தால் துணிந்து வாங்கு என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் நீ அனுப்பின படத்தைச் சின்னவள் போனில் பெரிதாக்கிக் காட்டியபோது பின் கதவுக்குக் கீழே செருப்பின் அடிப்பாகம் மாதிரி ஒரு ஒட்டுத் தகட்டைப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி இடித்து நசுங்கின இடத்தில் மெக்கானிக் போட்ட ஒட்டு அது, அவனை நாங்கள் நட்டு என்போம், அவன் அதை அடிக்கும்போது தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். நிறத்தை மாற்றியிருக்கிறார்கள், எத்தனை கை மாறி அவ்வளவு தூரம் வந்ததோ, விமானம் அதேதான். அந்த நாளில் அதை ஓட்டியவரை மீசை என்று கூப்பிடுவோம். மீசைக்கு அதற்கு முன்பே வேறெங்கோ நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு கழுத்து திரும்பாது, அதனால் எஞ்சினைக் கிளப்பும் முன் நேராகப் பார்த்தபடியே “ஏறியாச்சா?” என்று கத்துவார், பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தடவை “ஆச்சு” என்று சொல்ல வேண்டும், காதாலேயே தலையை எண்ணிக்கொள்வார். வந்த புதிதிலேயே ஒரு காலையில் முதலாளியும் அவர் மச்சானும் மட்டும் ஏறியிருக்க, மூன்று ஆச்சு வந்தது. முதலாளி சிரித்துவிட்டு, “மச்சான், ரெண்டு சீட்ட அடைக்கிறீங்க சரி, அதுக்காக ரெண்டு ஆச்சா சொல்றது?” என்றார். மச்சான் தன் அக்கா மேல் சத்தியமாக ஒன்றுதான் சொன்னேன் என்றதற்கு, “அவ மேல சத்தியம் பண்ணா நான் எப்படிய்யா நம்புறது” என்று முதலாளி சொல்ல எல்லோரும் சிரித்தோம். பிறகு தினமும் அப்படியே ஆகிவிட்டது. மற்றவர்கள் சொல்லி முடித்தபின் கொஞ்சம் தாமதித்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போலக் கடைசி சீட்டிலிருந்து வரும், சக்கரம் உருளாமல் வைத்த கட்டையை எடுக்க இறக்கைக்குக் கீழே நிற்கும் எனக்கே கேட்கும். “தகர டப்பாடா இது, எதிரொலிக்குது” என்று சொல்லிக்கொண்டு நட்டு ஒரு நாள் ஆளில்லாத விமானத்துக்குள் தனியாக ஏறி ஏறியாச்சா என்று கத்திப் பார்த்தான். அவன் கேட்டது எதிரொலிக்கவில்லை, ஆச்சு என்பது மட்டும் வந்தது. படியில் கால் வைக்காமலே கீழே வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு மீசை காலி சீட்டில் எல்லாம் மணல் மூட்டையை வைத்து பெல்ட் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார், அப்போது சத்தம் வராது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது, அந்த விமானம் யாரையும் கீழே போட்டதில்லை, மேலே போனபிறகு ஒரு சின்ன விபத்துகூட இல்லை, இதை நல்லது பக்கத்தில் எழுது என்று சின்னவளிடம் சொல்லியிருக்கிறேன்.

புதுப் பாலம் வந்ததும் அதை விற்றுவிட்டார்கள், நாங்களும் மறந்துவிட்டோம். வருஷங்கள் கழித்து மீசை முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர் துணியைப் போர்த்தின உடனே “ஆச்சு” என்றாராம். “இன்னும் கத்தரியே வைக்கலையே சார்” என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினால், அந்தத் திரும்பாத கழுத்து பக்கவாட்டில் துவண்டு விழுந்தது. முதலாளி, தன் மகள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே யாருக்கோ “ஆச்சு, ஆச்சு” என்று பதில் சொல்லியபடி சாய்ந்தார். மச்சான் போனபோது பக்கத்தில் ஆளில்லை. போன மாதம் நட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான், நான் பக்கத்தில் இருந்தேன். “டேய், யாரோ கேக்குறாங்கடா, பதில் சொல்லட்டா?” என்றான். என்ன கேட்கிறார்கள் என்றதற்கு, “தெரியாத மாதிரி பேசாத” என்றான். வாயை மூடிக்கொண்டு படு என்று அதட்டினேன், அவனும் மத்தியானம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நான் டீ வாங்க எழுந்தபோது, “பாவம்டா, ரொம்ப நேரமா காத்திருக்காங்க” என்றான். திரும்பி வருவதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

இதெல்லாம் வயசானவர்களின் சாவு, எதையும் எதோடும் முடிச்சுப் போடக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன். நேற்று மாப்பிள்ளை அனுப்பின வீடியோவைச் சின்னவள் போட்டுக் காட்டினாள். நீ ஓட்டிப் பார்க்க உட்கார்ந்திருக்கிறாய், பக்கத்தில் விற்கிறவர், பின்னால் மாப்பிள்ளை போனைப் பிடித்திருக்கிறார். நீ திரும்பிப் பார்க்காமல் “ஏறியாச்சா?” என்கிறாய், அது உனக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ. மாப்பிள்ளை ஆச்சு என்கிறார். கொஞ்சம் கழித்து இன்னொரு ஆச்சு வருகிறது. விற்கிறவருக்கு நம் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய், அவர் வாயும் அசையவில்லை. மாப்பிள்ளைதான் இரண்டு தடவை சொல்லியிருப்பார் என்கிறாள் சின்னவள், ஆனால் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அம்மா காமாலையோடு படுத்திருந்ததால் உன்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்த ஒரு நாள், மணல் மூட்டை வைப்பதற்குள் நீ பின் கதவு வழியாக ஏறிவிட்டாய். மீசை கேட்டார், முதலாளி சொன்னார், மச்சான் சொன்னார், அந்தக் குரல் சொன்னது, அதற்கும் பிறகு உன் குரல் “ஆச்சு” என்றது. ஓடிப்போய் வெளியே நின்றபடியே கையை விட்டு உன்னைக் கடைசி சீட்டிலிருந்து இழுத்தேன். “அந்தப் பெரியம்மா தள்ளி உக்காந்து எடம் குடுத்தாங்கப்பா” என்று நீ அழுதாய். அது ஒற்றை ஆள் உட்காரும் சீட்டு.

உனக்கு எல்லாம் கூடி வரட்டும், நீ கொண்டுவரும் நோயாளிகள் எல்லோரும் நடந்து வீட்டுக்குத் திரும்பட்டும், வேறு விமானம் பார்த்து வாங்கு, கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மாப்பிள்ளையை நேரத்துக்கு மாத்திரை போடச் சொல். வீட்டிலோ கடையிலோ, யார் உன்னை ஏறியாச்சா என்று கேட்டாலும், கேட்பது மாப்பிள்ளையாகவே இருந்தாலும், இல்லை என்று சொல், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இரக்கப்படாதே. இந்த மாதிரி விமானத்தில் போன பழைய ஆட்கள் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். நான் கட்டை எடுத்தவன், ஒரு நாளும் உள்ளே ஏறியதில்லை. அந்த நாளில் அதில் உட்கார்ந்து கேட்டவர்கள், பதில் சொன்னவர்கள் எல்லோரிலும் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஒரே ஆள், நீதான் குருவி.

இப்படிக்கு,
அப்பா, இடது கைப் பெருவிரல் ரேகை