சித்தூர் வீட்டில் எழுதின பேர்

கண்ணுக்குள்ளேயே நிக்கிற என் சித்தூர் அக்காவுக்கு,

நீ போயி இன்னும் வருஷம் திரும்பல, அதுக்குள்ள இன்னா கடுதாசின்னு கேப்ப. செத்தும் என்னை நிம்மதியா இருக்க விடமாட்டேன்ற நீ. அதான்.

வட ஆற்காடு ஜில்லாவைப் பிச்சு சித்தூரைத் தனி ஜில்லாவாக்கினப்ப, அதுவரைக்கும் சித்தூர்ல இருந்த கலெக்டர் கச்சேரி வேலூருக்கு வந்துச்சு. கச்சேரி குமாஸ்தா நம்ம வீட்டுக்காரரும் கூடவே வந்தாரு. நீ மட்டும் பொறந்த ஊரை விட்டு வரமாட்டேன்னு அங்கியே உக்காந்துட்ட. அதனாலதான ஆம்பூர் தோல் மண்டிக்காரர் பொண்ணு நான் ரெண்டாவதா வந்தேன்? மொத மொத என்னைப் பார்த்தப்ப தோல் நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கினியே, மறந்துட்டியா? நான் மறக்கல.

போன கானேஷுமாரி ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ராத்திரி யார் எந்த வீட்ல இருக்காங்களோ, அங்கியே தலை எண்ணி எழுதிக்குவாங்களே, அது. அன்னிக்குக் காலையிலயே அவர் ரயிலேறி உன்கிட்ட வந்துட்டாரு. "மூத்தவ இருக்கற எடந்தான் வீடு"ன்னாரு. இங்க கணக்கெடுக்க வந்தவர் "வீட்டுக்காரர் இல்லியாம்மா?"ன்னு கேட்டப்ப எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. சர்க்கார் எழுதினாத்தான் சம்சாரம்னு நெனைச்சுக்கினு இருந்தவ நான்.

இந்தத் தரம் நீ இல்ல. சொல்ல வாய் கூசுது, சந்தோஷமாத்தான் இருந்தேன். கணக்குக்காக வாசல்ல தார்ல நம்பர் போட்டுட்டுப் போனாங்க, நான் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். வேலூர்ல இப்ப ஜனம் எவ்ளோ ஜாஸ்தி தெரியுமா? அத்தினி பேர்ல நாங்களும் ஒரு ஜோடியா இருப்போமேன்னு ஆசை. பார்த்தா, மனுஷன் சட்டை மாட்டிக்கினு கிளம்பறாரு!

"எங்கே?"

"சித்தூருக்கு. ஆள் இல்லன்னா பாழ் வீடுன்னு எழுதிடுவாங்கடி. அவ இருந்த வீடு."

திட்டினேன், அழுதேன். அப்புறம் கதவைப் பூட்டிக்கினு நானும் கூட ரயிலேறிட்டேன். என் வீட்டைப் பாழ் வீடுன்னு எழுதிக்கட்டும், போ!

உன் கூடத்துல உக்காந்து கணக்கெடுக்கறவர் என்னைக் காட்டி, "இவங்க யாரு?"ன்னாரு.

"என் சம்சாரம்."

அக்கா, இந்த ஒரு வார்த்தைக்கு நான் எவ்ளோ வருஷம் ஏங்கியிருப்பேன்! அதையும் உன் வீட்லதான் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்குது பாரு. நீ இன்னா புண்ணியம் பண்ணியோடியம்மா.

உன் வீட்டைப் பாழாக விடமாட்டேன், மாசாமாசம் வந்து பெருக்கி வெளக்கேத்தறேன். ஆனா அடுத்த கணக்குல அவர் பேரு வேலூர்லதான், விட்டுக் குடுக்கறதா இல்ல. ஆத்திரமா வந்தா எழுந்து வந்து என்கூட சண்டை போடு.

வாயேன் அக்கா.

உன் சக்களத்தி,
ராஜம்மா