மாமியின் வயதும் ஒரு பொதி கசகசாவும்

திங்கள்சந்தை,
நவம்பர் 9, ஞாயிறு.

என் அருமை மகள் ஜாஸ்பினுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகன் பெனினும், ஏழு மாதமாக உன் வயிற்றில் குடியிருக்கும் ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைத் தினமும் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதி பொய், எந்தப் பாதி என்று போகப்போகச் சொல்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தைப் பிடித்தாள் என்று கேட்பாய். போன மாதம் உன் ராஜபாய் மாமியைப் பற்றி உனக்குப் பேசி அனுப்பிய நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் விரல் தவறிக் குடும்பக் குரூப்பில் போய் விழுந்ததே, நீ மறந்திருக்கலாம், மற்ற முப்பத்திரண்டு பேரும் மறக்கவில்லை. அதிலிருந்து போனில் நான் ‘ஸ்தோத்திரம்’, ‘ஆமென்’ இரண்டைத் தவிர வேறொன்றும் போடுவதில்லை. காகிதம் விரல் தவறிப் போகாது. இதை யார் கையில் கொடுத்துவிடுகிறேன் என்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ருசியான துண்டைக் கடைசியில்தானே தின்ன வேண்டும்.

மாமி மேல் எனக்கு உள்ள வன்மம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் சூடாகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ நர்ஸ் வேலைக்கென்று முதல்முதலாக கல்ஃபுக்கு விமானம் ஏறின அன்று, உன் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, நான் மைனி மைனி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள், தன் மகன் அஜினுக்கென்று ஒரு பொதியை உன் பெட்டிக்குள் சொருகினாள். (எழுத்திலாவது ‘அவர்கள்’ போடலாம் என்று பார்த்தேன், பேனா மாட்டேன் என்றுவிட்டது.) என்ன மைனி இது என்று நான் கைவைத்தபோது, “எனக்க பொதிய அவுத்துப் பாக்கதுக்கு நீ என்னட்டி, கஸ்டம்ஸா?” என்று கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டு கையை எடுத்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் என்னை நானே அறையலாம். உள்ளே இருந்தது கால் கிலோ கசகசாவும், அட்டையும் இல்லாமல் பேரும் இல்லாமல் உதிரியாக முடிந்த அவளுடைய மூட்டுவலி மாத்திரையும். நாம் கோழிக்கறியில் அரைத்து ஊற்றுகிற கசகசா அங்கே போதைப்பொருள் கணக்கில் வரும் என்று நமக்கு யார் சொன்னார்கள். இறங்கின இடத்தில் உன்னை ஐந்து மணிநேரம் உட்கார வைத்தார்கள். உனக்கு அது மாசத்தில் வீட்டுக்கு விலக்கான நாள் வேறு. மாற்றுவதற்கு ஒன்றும் கைப்பையில் இல்லை, எல்லாம் பெரிய பெட்டியில். பாத்ரூம் போக நேரும் என்று பயந்து திருவனந்தபுரத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போனவள் நீ, அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆளறியாத ஊரில் ஒரு வாரம் படுத்துக் கிடந்தாய். போனில் நீ, “அம்மா, பாத்ரூம் போக ஆருட்ட கேக்கணும்னே எனக்குத் தெரியலம்மா” என்று அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. அதைவிட அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வைத்து உன் மாமி சொன்னாளே, “கசகசால ஒண்ணும் இல்ல, அவ முழிச்ச கள்ள முழிலதான் பிடிச்சிருக்கானுவ” என்று, அது இரண்டு காதிலும் இருக்கிறது. அன்றைக்கு நான் ஆராதனையில் கண்ணை மூடி ஜெபித்தது எல்லோரும் நினைத்த ஜெபம் இல்லை.

அந்த ஜெபம் கேட்கப்பட்டது. போன மாதம் அஜின் தன் அம்மாவுக்கு மூன்று மாத விசா அனுப்பிவிட்டான். மாமி நேராக நம் வீட்டுக்கு வந்து, உன் பிள்ளைப்பேற்றுக்கு நான் வருவதற்காக நீ எழுதி அனுப்பியிருந்தாயே ஒன்பது பயண விதி, அதைக் கேட்டாள். “நம்ம பிள்ள நர்சுல்லா, என்னத்த எழுதிருக்கா, வாசி பாப்போம்” என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கள்ள முழி, இப்போது நம்ம பிள்ளை. ஜாஸ்பின், எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. தவறான யோசனை சொல்லிப் பழிவாங்குகிறவள் மடச்சி. சரியான யோசனையை ஒன்றுவிடாமல் சொல்லிச் செய்யவைப்பதுதான் பழி. ஊசி என்றால் மாமிக்கு உயிர் போகும், பால் ஊற்றாத கட்டன் சாயா குடிக்காமல் காலை ஏழு மணி தாண்டாது, வயதைக் கேட்டால் வாய் திறக்காது. உன் விதியில் மூன்றும் இருக்கிறது.

முதல் விதிப்படி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் முழுப் பரிசோதனை. அதற்குப் பட்டினியாகப் போக வேண்டும். மாமியைக் காலையில் சாயா இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வழி நெடுக இருக்கிற சாயாக்கடைகளின் மணம் எனக்கு ஆலயமணி மாதிரி இருந்தது. பேர் பதிகிற இடத்தில் வயசு கேட்டார்கள். “அம்பத்தெட்டு” என்றாள் மாமி, மெதுவாக. நான் சும்மா இருப்பேனா. பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லுங்க மைனி, சீட்டில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றும் இருந்தால் அங்கே பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்றேன். அந்தக் கடைசிச் சொல்லை அழுத்திச் சொன்னேன். மாமி பாஸ்போர்ட்டை நீட்டினாள். அந்தப் பிள்ளை ஊருக்கே கேட்கிற மாதிரி, “அறுபத்தாறா அம்மா?” என்றது. பின்னால் பெஞ்சில் நம் சர்ச் பெண்கள் ஐக்கியத்துப் பெமிலா உட்கார்ந்திருந்தாள். பெமிலாவுக்கு அறுபத்திரண்டு. இருபது வருஷமாக மாமி அவளை ‘அக்கா, அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். பெமிலா எழும்பி வந்து, “ஏ ராஜபாய், அப்போ இத்தற காலமும் நான் உனக்க அக்காவா, நீ எனக்க அக்காவா?” என்று கேட்டாளே, ஜாஸ்பின், அந்த இடத்தில் நான் செத்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் செத்திருப்பேன். இப்போது சர்ச்சில் பாதிப் பெண்கள் மாமியை அக்கா என்கிறார்கள். பெமிலா மட்டும் ‘பெரியக்கா’ என்கிறாள்.

அதோடு விட்டேனா. ரணஜன்னி ஊசி, காய்ச்சலுக்கான தடுப்பூசி, பல் டாக்டர், கண் டாக்டர், மார்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று லேடி டாக்டரிடம் ஒரு சோதனை என்று எதையும் நான் விடவில்லை. லேடி டாக்டர் என்னைப் பார்த்து, மைனியை இவ்வளவு அக்கறையாகக் கூட்டிக்கொண்டு வருகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மெச்சினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன், நாணத்தில் அல்ல. ஆனால் மாமி அப்பேர்ப்பட்ட ஆள். ரத்தம் எடுக்கிற பிள்ளையிடம், “இவளுக்கும் ஒரு குத்து குத்து மக்களே, லிஸ்டு இவளுக்குள்ளதாக்கும்” என்றாள். அவளைக் கிளப்புகிற அவசரத்தில் நானும் அன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, எனக்கென்ன பயம் என்று கையை நீட்டினேன்.

பலன் மறுநாள் வந்தது. மாமிக்கு சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கொழுப்பு இல்லை. சாயாவும் பொல்லாப்பும் மட்டும் உள்ளே போகிற உடம்பில் வேறு என்ன இருக்கும். எனக்குச் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்று அறுபத்தெட்டு. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன்கறியும் மத்தியானம், எண்ணாமல் மட்டி வாழைப்பழம் சாயங்காலம் என்று இருந்தவளுக்கு அது வராமல் போனால்தான் அதிசயம். முதலில் பொய் என்று சொன்ன பாதி இதுதான் மகளே. போனில் சொன்னால் நீ என் குரலைக் கேட்டு அழுவாய், உன் அழுகையைக் கேட்டு நான் இரண்டு மட்டிப்பழம் கூடத் தின்பேன், அதனால் எழுதுகிறேன். டாக்டர் டிக்கெட் போட விடவில்லை. மாத்திரை, நடை, வாய்க்கட்டு, டிசம்பர் ஒன்றாம் தேதி மறுபடி ரத்தம், அது இறங்கினால்தான் பயணம். உன் தலைமாட்டில் நான் இருப்பேனா மாட்டேனா என்பது இப்போது அந்த ஒரு சொட்டு ரத்தத்தில் இருக்கிறது. இதற்கு உன் மாமியின் பழி வேறு. விடியும்போது கேட்டில் வந்து நின்று, “ஏட்டி பூங்கனி, சீனிக்காரி, நடக்க வாறியா?” என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுகிறாள். அறுபத்தாறு முன்னால் நடக்கிறது, ஐம்பத்திரண்டு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறது. உன் அப்பா யோவான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறார், அவருக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறேன்.

இனி நான் செய்யப்போன பாவத்தைச் சொல்கிறேன். நேற்று முன்தினம் மாமியின் பெட்டி அடுக்க என்னைக் கூப்பிட்டாள். அவள் சாயா போடப் போன நேரம், தேங்காய் வறுத்து இடித்த சம்மந்திப்பொடி டப்பாவைத் திறந்தேன். பொடிக்கு அடியில் காகிதத்தில் மடித்து, அதே கசகசா. அவ்வளவு நடந்தும் அதே கசகசா. எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம், டப்பாவை மூடினால் போதும். மூடினேன். பெட்டியில் வைத்து ஸிப்பையும் இழுத்துவிட்டேன். கள்ள முழி யாருக்கு என்று அங்கே பார்த்துச் சொல்லட்டும் என்று கையைத் துடைத்தபோது மாமி சாயாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயாவை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு அந்த வாயிலிருந்து நான் கேட்டே இராத சின்னக் குரலில், “ஏட்டி, பிளேன்ல பாத்ரூம் போக ஆருட்ட கேக்கணும்?” என்றாள்.

ஸிப்பைத் திறந்தேன். எனக்கு மனம் இளகிவிட்டது என்று யாரிடமும் சொல்லித் தொலைக்காதே. அவள் அங்கே மாட்டினால் அஜின் உன்னைத்தான் கூப்பிடுவான், நிறைமாதத்தை நெருங்குகிற வயிற்றோடு நீதான் ஓட வேண்டும், அந்த ஒரு காரணம்தான். டப்பாவை வெளியே எடுத்ததும், “அஜினுக்கு இது இல்லாத கோழி எறங்காது” என்று முனகினாள். இறங்காவிட்டால் தண்ணீர் குடிக்கட்டும் என்றேன். அந்தக் கசகசாவை நேற்று அம்மியில் நைஸாக அரைத்துக் கோழிக்கறி வைத்து அவளைக் கூப்பிட்டு அவளுக்கே ஊற்றினேன். தவிக் கரண்டியால் மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டு, உப்பு கூடிப்போச்சு என்றாள். எனக்கு அதில் ஒரு துண்டு.

செவ்வாய்க்கிழமை மாமி வருகிறாள். இந்தக் கடிதம் அவள் கைப்பையில்தான் வருகிறது மகளே. உன் ஆறாவது விதி, ‘யார் எது தந்தாலும் திறந்து பார்க்காமல் வாங்காதே’ என்பதை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். அடுத்த நிமிஷம் இந்தக் கவரைக் காட்டி, என் டெஸ்ட் ரிப்போர்ட்டும் டாக்டர் சீட்டும், நாளைக்கு ஒட்டித் தருகிறேன் என்றேன். அவை உள்ளே இருக்கின்றன, பொய் சொல்லவில்லை. திறந்து காட்டு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பைக்குள் இடம் ஒதுக்கிவிட்டாள். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று, ‘கண்ணாடியைக் கையோடு வை’ என்ற ஏழாவது விதியையும் மீறி அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாள். உன்னை என்ன என்று தெரியாமல் ஒரு பொதி சுமக்க வைத்தாள், இனி அவளும் சுமப்பாள். டிக்கெட் போடும்போது மூத்த பயணி என்று சொல்லி வீல்சேருக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் அதில் உட்கார்ந்து வெளியே வரும்போது ஒரு போட்டோ எடுத்து, விரல் தவறின மாதிரி குடும்பக் குரூப்பில் போட்டுவிடு.

நீ தண்ணீர் நிறையக் குடி, இடப்பக்கம் சரிந்து படு, வேலையில் நீரை அடக்கிக்கொண்டு நிற்காதே. டிசம்பர் ஒன்றாம் தேதியை உன் ஜெபத்தில் வை, என் ஜெபங்கள் எப்படிப்பட்டவை என்று உனக்குத் தெரியும். உன்னையும் பெனினையும் வருகிற பிள்ளையையும் ஆண்டவர் ஒரு குறையுமில்லாமல் காப்பார். மட்டிப்பழத்தையும் ஒருவழியாக விட்டுவிட்டேன், இன்றோடு நாலு நாள்.

வாய்க்கட்டிலும் வாயடங்காத உன் அம்மா,
யோ. பூங்கனி

பின்குறிப்பு: மைனி, நீங்க இந்த இடம் வரை வாசித்திருந்தால், கண்ணாடியும் போட்டிருக்கிறீர்கள், கவரையும் திறந்து பார்த்திருக்கிறீர்கள், ஆக இரண்டு விதியும் ஜெயித்தது என்னால்தான். பழையபடி ஒட்டி ஜாஸ்பினிடம் கொடுத்துவிடுங்க. மாத்திரை கைப்பையில் அட்டையோடு இருக்கிறது. தண்ணீர் குடியுங்க. பாத்ரூம் போக அங்கே ஆரிடமும் கேட்க வேண்டாம், எழும்பிப் போனால் போதும்.