பெரியம்மாவின் இடது இறக்கை

மார்ச் 3, ஞாயிறு

இன்று பெரியம்மாவின் இடது இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் இருமினாள், கறுப்பாகப் புகையைக் கக்கினாள், அப்புறம் விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. கொட்டகையில் இருந்த கிழங்கட்டைகள் எல்லாம் விசில் அடித்தன. இந்தப் பழைய விமானத்தை மறுபடி பறக்க வைக்க எத்தனையோ வருஷமாக ஞாயிறுதோறும் வரும் கூட்டம் இது. எல்லாரும் தன்னார்வலர்கள். அதாவது சம்பளம் கிடையாது, முதுகுவலி உண்டு.

பெரியம்மா என்று பெயர் வைத்ததே என் வீட்டுக்காரர்தான். வேலையில் இருந்த காலத்தில் இதே விமானத்துக்கு மெக்கானிக். வருஷக்கணக்காக இவள் வயிற்றடியில் படுத்துக் கிடந்தவர், ஒரு தடவைகூட இவளுக்குள் உட்கார்ந்து பறந்ததில்லை. "சமையல்காரனுக்குப் பந்தியில இடம் ஏது?" என்பார். இன்று மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

எங்களை நடத்துகிற பழைய விமானி, கேப்டன் என்போம், வந்து அவர் தோளில் கை வைத்தார். "மே ஆரம்பத்துல ஆள் ஏத்தறோம். முதல் சீட்டு உங்களுக்குத்தான்." வீடு வரும் வரை மனிதர் வாய் மூடவில்லை.

மார்ச் 9

டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நுரையீரல் இந்தக் கோடையைத் தாண்டினாலே பெரிது. மே மாதம் அரை மணி நேரம், தாழ்வாகப் பறந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். "சிலிண்டரோட போகட்டும். ஆசைப்படறதைச் செய்யுங்க" என்றார்.

இவரிடம் பாதிதான் சொன்னேன். பறக்கலாம் என்கிற பாதியை.

மார்ச் 17, ஞாயிறு

கொட்டகையில் என் வேலை விரிசல் தேடுவது. ரயில் பணிமனையில் சக்கர அச்சுகளுக்குச் செய்த அதே வேலைதான். சிவப்புச் சாயத்தைப் பூசி ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். உலோகத்தில் விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த சாயம் பொடியில் சிவப்பாகக் கசியும்.

இன்று இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்திலுள்ள இணைப்புப் பட்டை. கசிந்தது. மயிரிழை மாதிரி ஒரு கோடு.

துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். அதே கோடு. கொஞ்ச தூரம் வந்து மூடித்தகட்டுக்கு அடியில் போய் மறைகிறது. ஆழம் எவ்வளவு, எங்கே முடிகிறது, எதையும் இறக்கையைக் கழற்றாமல் சொல்ல முடியாது. கழற்றினால் மே மாதம் கிடையாது. வருஷக் கடைசி ஆகிவிடும்.

அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. பல்லி டீ வாங்கப் போயிருந்தார். பல்லி ஒரு முன்னாள் கணக்கு வாத்தியார். எந்த இடுக்கிலும் நுழையும் உடம்பு, அதனால் அந்தப் பெயர். திரும்பி வந்து, "என்னக்கா, எல்லாம் சுத்தமா?" என்றார். நான் துணியால் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 18

இன்னும் சொல்லவில்லை. இவர் புதுச் சட்டை வேண்டும் என்கிறார். எதற்கு என்றால், "மேல போறதுக்குத்தான். ரெண்டு தடவைக்கும் ஒரே சட்டை போதும்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அப்படியென்றால் மீதிப் பாதியும் தெரியுமா இவருக்கு?

அரை மணி நேரம்தானே. அதற்குள் என்ன உடைந்துவிடப் போகிறது? — உள்ளே பத்துப் பேர் இருப்பார்களே. இவரும் இருப்பாரே.

மார்ச் 19

கேப்டனுக்கு போன் செய்து சொல்லிவிட்டேன். "நீங்க பாத்தீங்கன்னா இருக்கும்மா. நிறுத்திடறேன். அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?" வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரு உன்னைப் பாக்கச் சொன்னது?"

"நீங்கதான். அங்க என்னைக் கூட்டிட்டுப் போனதே நீங்கதான்."

"ரெண்டு மாசம் கண்ணை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? எனக்காக?"

நாற்பது வருஷத்தில் இந்த மனிதர் தனக்காக என்று என்னிடம் கேட்டது இது ஒன்றுதான்.

மார்ச் 26

இன்னும் பேசவில்லை. மாத்திரை கொடுத்தால் கையை மட்டும் நீட்டுகிறார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்று இறக்கையைக் கழற்றும் வேலை ஆரம்பம். நான் கிளம்பும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "முட்டுக் கொடுத்தப்புறந்தான் போல்ட்டைத் தொடணும்னு அந்தப் பல்லிகிட்ட சொல்லு. வால் பக்கமும் ஒரு முட்டு. இல்லேன்னா பெரியம்மா சாஞ்சிடுவா."

அவ்வளவுதான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் சொன்னார். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மே 12

ஆஸ்பத்திரி. கேப்டன் பார்க்க வந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். இவர்தான் கேட்டார், "மேல ஏறும்போது காது அடைக்குமாமே, நிஜமா?"

"அடைக்கும். எச்சில் முழுங்கினா சரியாயிடும்."

இவர் ஒரு தடவை முழுங்கிப் பார்த்தார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஜூன் 2

நேற்று மதியம் போய்விட்டார். என் கை அவர் கையில்தான் இருந்தது.

ஜூலை 28, ஞாயிறு

மகள் திட்டித்தான் கொட்டகைக்கு அனுப்பினாள், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேனாம். போகாமலே இருந்திருக்கலாம்.

கழற்றிய பட்டையைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள் அல்லவா, முடிவு வந்திருக்கிறது. விரிசல் இல்லை. கீறல். எப்போதோ யாரோ ஸ்பேனரை நழுவவிட்டிருக்கிறார்கள். லேசாகத் தேய்த்ததும் கோடு போய்விட்டதாம். யார் கையோ. இவர் கையாகவே இருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், புதுப் பட்டை செய்ய வேண்டாம் என்று. கை தட்டினார்கள். பல்லிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"நீங்க செஞ்சது சரிம்மா. இல்லேன்னு தெரியற வரைக்கும் அது விரிசல்தான்" என்றார் கேப்டன்.

சரியாம். என்ன சரி? அந்த மனுஷன் கெஞ்சாத குறையாக் கேட்டாரே. மூடிக்கிட்டு இருந்திருந்தா பறந்திருப்பாரு. ஒண்ணும் ஆகியிருக்காது. ஒண்ணுமே ஆகியிருக்காது. என் கண்ணு அவிஞ்சு போக.

ஆகஸ்ட் 4

போகவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

சோதனைக்குப் பறந்து பார்த்ததெல்லாம் முடிந்து இன்றுதான் பெரியம்மா ஆள் ஏற்றினாள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலேயே பல்லி வாசலில் வந்து நின்றார். "நீங்க ஏறலேன்னா நானும் ஏறலக்கா." இதில் பறக்க அவரும் எவ்வளவு ஆசைப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கேப்டன் முதல் இருக்கையைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இடது இறக்கையை ஒட்டிய ஜன்னலில் உட்கார்ந்தேன். முதல் இருக்கையில் கேப்டனின் மனைவி உட்கார்ந்தார். நல்லதுதான், அது காலியாகக் கிடந்தால் என்னால் தாங்க முடிந்திருக்காது.

ஓடினாள், குலுங்கினாள், சட்டென்று குலுக்கல் நின்றது. பின்னால் யாரோ விம்முவது கேட்டது. எல்லாரும் ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டார்கள். "அக்கா, கீழ பாருங்க, ஆறு தெரியுது" என்று பல்லி தோளைத் தொட்டார்.

நான் ஆற்றைப் பார்க்கவில்லை. இறக்கை உடம்போடு சேரும் இடத்தையே அரை மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பட்டையைத்தான் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். இறக்கை அசையவில்லை, ஒரு வித்தியாசமான சத்தமும் இல்லை. நன்றாக இருக்கிறது. மே மாதமும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.