ஒரே வீட்டுக்கு இரண்டு குடித்தனக்காரர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருந்தால் எனக்கு வேறு விண்ணப்பம் கிடையாது. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்டால் மிச்சமும் போய்விடும். திங்கட்கிழமை வீட்டு வரி கட்டப் போனேன். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன், அதில் முக்கால் மணி தண்ணீர் வரி வரிசையில். முன்னால் நின்றவர் சொல்லித்தான் தெரிந்தது. அங்கிருந்து விலகி இந்த வரிசையின் வாலைப் பிடித்து, ஒரு வழியாகக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் என் பேரைச் சொன்னால், உள்ளே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பேர்ல வீடே இல்லையே சார், நீங்க வாடகைக்கு இருக்கறவரா என்று கேட்டாள். வீடு உன் அம்மா பேரில் அல்லவா இருக்கிறது, எனக்கு அது மறந்தே போய்விட்டது. முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போ ஸ்டோரில் சீட்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதவன், சொந்த வீட்டுச் சீட்டில் யார் பேர் என்று தெரியாமல் நிற்கிறேன். பின்னால் இருபது பேர். அவசரத்தில், ஆமாம்மா அங்கதான் குடியிருக்கேன் என்று சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

கதவு எண்ணைக் கேட்டுத் தட்டினாள். உன் அம்மா பேரை இனிஷியலோடு சத்தமாகப் படித்தாள். எட்டு மாதமாக அந்தப் பேரை யாரும் அப்படி முழுசாகச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை பாப்பா, மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் அழுக்காக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள், இதுக்குப் போன மாசமே கட்டியாச்சே சார், போன அரையாண்டும் பாக்கி இல்லை, மாடியில குடியிருக்கறவர் வந்து கட்டியிருக்கார் என்றாள். ஓனர்களையே நாங்க நோட்டீஸ் விட்டுத் துரத்திப் பிடிக்கிறோம், இங்க ஒரே வீட்டுக்கு ரெண்டு குடித்தனக்காரங்க போட்டி போட்டுக் கட்ட வர்றீங்க, உங்க ஓனரம்மா குடுத்து வச்சவங்க என்று சிரித்தாள். வரிசையும் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வேற ஏதாவது உண்டா சார் என்றாள். பேர் மாற்ற நீ ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொன்ன இறப்புச் சான்றிதழ் சட்டைப் பையில் இரண்டு நகல் இருந்தது. இல்லம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன், சர்க்கரை போட்டிருந்தானா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

பேக்கரிக்காரர் நம் வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குள் வரிபாக்கி இருக்கக் கூடாது, பேர் மாறியிருக்க வேண்டும், மாடி காலியாக இருக்க வேண்டும், பிறகு நான் பெட்டி கட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் சொல்லியிருந்தீர்கள். நான் ஒன்றும் மறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாடியில் இருக்கிற கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும், வரியைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்படியே காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்றுதான் மாடி ஏறினேன். படியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அந்த மனுஷன் என்னை உட்காரச் சொல்வதற்கு முன்னால், சார் மூக்குத் தாங்கி ஒண்ணு விழுந்திருக்கே என்று என் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவர், ஆளைப் பார்க்க மாட்டார், ஆள் போட்டிருக்கிற கண்ணாடியைத்தான் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிரில் இருப்பது மனுஷனா பீரோவா என்று தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே மீதிக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன்.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த வருஷத்திலிருந்து இதுதான் ஏற்பாடாம். அரையாண்டுக்கு ஒரு தடவை அவர் கடைக்குப் போகிற வழியில் வரியைக் கட்டி ரசீதைக் கொடுப்பார், அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்வார். வரி ஓனர் தலையிலதான், கால்தான் உங்களுது என்பாளாம் அம்மா. வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறேனே, என்னிடம் ஏன் தரவில்லை என்று கேட்டேன். உங்க சார்கிட்ட குடுத்தா தண்ணி வரி வரிசையில போய் நிப்பாருன்னு அக்கா சொல்லுவாங்க என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், பார்.

அம்மா போன பிறகும் இரண்டு தடவை கட்டியிருக்கிறார், வாடகையில் ஒரு பைசா கழிக்கவில்லை. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றதற்கு, வாடகை குடுக்க வர்றேன், நீங்க எண்ணாமயே வாங்கி டிராயர்ல போட்டுட்டு சத்தமில்லாத டிவியைப் பாக்கறீங்க, அங்க நின்னு என்னத்தைக் கேக்கறது சார் என்றார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், நானும் ஆறு மாசமா போய்ச் சொல்லுங்க சொல்லுங்கன்னு தலையால அடிச்சுக்கறேன், இவர் வாயைக் கடையில அடகு வச்சுட்டார் அண்ணே என்றது. பணத்தை இப்போதே தருகிறேன் என்று எழுந்தேன். அதெல்லாம் வேணாம் சார், வர்ற மாசம் ஒரு தடவைக்கு உள்ளது, அதுக்கடுத்த மாசம் இன்னொண்ணு, வாடகையிலயே கழிச்சுக்கறேன் என்றார். சரி என்று சொன்னேன். சரி என்ற பிறகுதான் புரிந்தது, கழித்துக்கொள்ள இரண்டு மாதம் அவர் அங்கே குடியிருக்க வேண்டுமே. கண்ணாடியை மாட்டிவிட்டார், துடைத்தும் கொடுத்திருந்தார், படியெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

ஆக, வரி மட்டும் பாக்கி இல்லை, அதுவும் நான் கட்டியது இல்லை. நீ கோபப்படுவாய், நியாயம்தான். பேக்கரிக்காரர் தன் மற்ற வீடுகளில் வாடகையோடு வரியையும் குடியிருப்பவர்களிடமே வாங்குகிறாராம், அது அவர் இஷ்டம், குறை சொல்லவில்லை. அவரை இரண்டு மாதம் மட்டும் பொறுக்கச் சொல், பிறகு நானே மாடிக்குப் போய்க் காலி பண்ணச் சொல்கிறேன், இந்தத் தடவை கண்ணாடியைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். வீட்டை விட்டு வர வருத்தமா என்று கேட்டாய். வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அழுதீங்களாப்பா என்றும் கேட்டாய். இன்னும் இல்லை, வந்தால் தகவல் தருகிறேன்.

குழந்தை டிவிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றாயே, உடனே கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போகச் சொல்லி கண்ணாடிக்காரர் இரண்டு தடவை சொன்னார், தள்ளிப் போடாதே. மாப்பிள்ளை பனியில் வண்டி ஓட்டும்போது பேச்சுக் கொடுக்காதே. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நெடுநாள் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(தற்சமயம் கீழ் வீட்டுக் குடித்தனக்காரர்)

பி.கு. ஒன்று விட்டுப்போனது. நான் திரும்பும்போது அந்தப் பெண், ஓனரம்மா ஊர்ல இல்லையா சார் என்று கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், இந்த எட்டு மாதத்தில் அதை நான் யாரிடமும் வாயால் சொல்ல வேண்டி வரவே இல்லை. எனக்கு டாக்டர் சொன்னார். உனக்குப் போன் பண்ணிச் சொன்னது கண்ணாடிக்காரர். மற்றவர்கள் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். பேர் மாற்ற வேண்டுமென்றால் அந்தத் தடுப்புக்கு முன்னால் நின்று முதல் தடவையாக நான் சொல்ல வேண்டும். இங்கே எழுதிப் பார்க்கிறேன். உன் அம்மா இறந்து போய்விட்டாள். கையால் எழுத வருகிறது.