நீ போகாத சீசன்

பரணிலிருந்து பையை இறக்கியதும் ரெக்சின் வாசனை மூக்கில் ஏறியது. பதினைந்து வருடம் ஆகியும் கடை வாசனை போகவில்லை. பிடியில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் அப்படியே இருந்தது. சீட்டு மட்டும் எப்போதோ இற்று விழுந்துவிட்டது. நாம் இரண்டு பேருமாகத் தேனிக்குப் போய் வாங்கிய பை. அரக்கு நிறம்தான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். நாடகக் குழு வேனில் அடுக்கும்போது அழுக்குத் தெரியாது என்றாய். அது ஒரு வேனிலும் ஏறவில்லை. "எனக்கு இனி எதுக்கு, நீயே வச்சுக்க" என்று என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்குப் பரணில் தூக்கிப் போட்டவள்தான். என் மகன் கல்லூரி விடுதிக்குப் போனபோதுகூட அவனுக்கு வேறு பை வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அதில் என் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறேன். கொல்லத்துப் பக்கம் ஒரு நாடகக் குழுவில் இந்த சீசனுக்கு நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் புறப்பட வேண்டும். போவதற்கு முன் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருந்த காலமெல்லாம் சொல்லாமல் விட்டது.

போன மாசியில் கம்பத்தில் நாங்கள் போட்ட தெருநாடகத்தை யாரோ போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அது மலையேறி எங்கெங்கோ சுற்றி, அந்தக் குழுவின் மேனேஜர் கண்ணில் பட்டிருக்கிறது. "சேச்சி, ஏலத்தோட்டத்துல வேலை செய்யுற ஒரு தமிழ் அம்மா வேஷம். மலையாளமும் வேணும், தமிழும் வேணும். ஆடி மாசம் ரிகர்சல் கேம்ப். ஓணம் கழிஞ்சா ஸ்டேஜ். மேடம் மாசம், உங்க சித்திரை வரைக்கும் உற்சவம் உண்டு. வரான் பற்றுமோ, வர முடியுமா?" என்று கேட்டார். போனைப் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றேன். பதினைந்து வருடத்துக்கு முன் உன்னிடம் வேறொரு குழுக்காரர் கேட்டதும் கிட்டத்தட்ட இதே வேஷம்தான்.

நமக்கு மலையாளம் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. பதினாறு பதினேழு வயதில் கோம்பையிலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போய், ஏலச்செடிக்கு அடியில் குனிந்தபடியே காதில் விழுந்ததை எல்லாம் பொறுக்கிக்கொண்டோம். கங்காணி பேசுவதை நீ மறுநாள் ஜீப்பில் அப்படியே பேசிக் காட்டுவாய். அவர் குரல், அவர் இருமல், பேச்சுக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டுகிற தோரணை எல்லாம் இருக்கும். பதினாலு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற ஜீப்பில், இடமே இல்லாத இடத்தில், நீ ஒரு மேடை போட்டுவிடுவாய். கடைசியில் நீயே சிரித்துவிடுவாய், பாதியில் உடைந்து மூக்கால் முடிகிற சிரிப்பு.

பிறகு தேனியில் விழிப்புணர்வு நாடகம் போடுகிற கலைக்குழு ஒன்று ஆள் எடுத்தபோது, நீ என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கூட்டத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் நாடகம் போட்டோம். நான் நன்றாகத்தான் நடித்தேன். உன் பக்கத்தில் நின்றால் அது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். நான் கண்ணைக் கசக்கி அழுவேன். நீ சும்மா நிற்பாய். எதிரில் இருக்கிறவர்கள் உன்னைப் பார்த்து அழுவார்கள். "அழுகுற வேசத்துல அழாத புள்ள. அழாம நிக்கிறவளப் பாத்துத்தான் சனம் அழுகும்" என்று எனக்குச் சொல்வாய். அது புரியவே எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

குமுளியில் தொழிலாளர் விழா ஒன்றில் நாம் நடித்ததைப் பார்த்துவிட்டு அந்தக் குழுக்காரர் நம்மைத் தேடி வந்தார். நம் இருவரையும் பார்த்துப் பேசத் தொடங்கியவர், பேசி முடிக்கும்போது உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

உன் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உன் மகள் பவித்ராவுக்கு ஒன்பது வயது. "ஒரே ஒரு சீசன். புள்ளைய நீ வச்சுக்கிறியா? ஒன்னைய விட்டா யாருகிட்ட விடுவேன்?" என்று கேட்டாய். யோசிக்காமல் சரி என்றேன். அப்போது மனதில் கள்ளம் எதுவும் இல்லை. அதை மட்டும் நம்பு.

கள்ளம் தேனியில்தான் வந்தது. பைக்கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் முன் நின்று, வரப்போகிற வேஷத்தின் வசனத்தை மலையாளத்தில் பேசினாய். கடைக்காரர் பைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டார். சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியில் உனக்குப் பின்னால் நானும் தெரிந்தேன், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு. இவள் போனால் திரும்பி வரமாட்டாள், வந்தாலும் என்னோடு ஜீப்பில் உட்காருகிறவளாக வரமாட்டாள் என்று தோன்றியது. அது பயமா, பொறாமையா என்று பல வருடம் எனக்குள்ளேயே வழக்காடியிருக்கிறேன். பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பொறாமைதான்.

நீ புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கட்டிலில் பவித்ராவின் பள்ளிக்கூட உடுப்புகளை எனக்காக அடுக்கி வைத்திருந்தாய். "எங்க வீட்டுல வேணாங்குறாக. பொம்பளப் புள்ளைய வச்சுப் பாத்துக்கிறது பெரிய பொறுப்புங்குறாக" என்றேன்.

நான் என் வீட்டுக்காரரிடம் அப்படி ஒரு பேச்சையே எடுக்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார்.

நீ குழாயை மூடினாய். குடத்தின் வாயைத் துடைத்தாய். "அவுகளுக்குப் பிடிக்கலைன்னா நீ என்ன செய்வ, பாவம்" என்றாய். பிறகு, "சாப்புட்டியா?" என்று கேட்டாய். நான் உன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றேன். அந்த இரண்டு இட்லியை எப்படி விழுங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாய். என் வீட்டுக்காரர் ஓட்டுகிற ஜீப்பில் மட்டும் ஏறுவதை நிறுத்திவிட்டாய். நம் தெரு வழியாகவே வருகிற ஜீப்பை விட்டுவிட்டு, மெயின் ரோடு வரை நடந்து போய் வேறு ஜீப் பிடித்தாய். மழையிலும் நடந்தாய். ஜன்னல் வழியாக உன் குடை போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆகச் சொல்வது கடினமாகியது. பிறகு சொல்லாமல் இருப்பது பழகிப்போயிற்று.

தேனி பெரியாஸ்பத்திரியில் உன் கடைசி வாரத்தில், பவித்ரா மருந்து வாங்கப் போயிருந்த நேரம், உன் கட்டிலோரத்தில் உட்கார்ந்து "ஒன்னு சொல்லணும்" என்று தொடங்கினேன். நீ கண்ணைத் திறந்து, "தண்ணி குடு" என்றாய். கொடுத்தேன். குடித்துவிட்டுத் தூங்கிப்போனாய். எனக்கு ஏமாற்றமாக இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

இந்த முறை மேனேஜர் கூப்பிட்டபோது நான் முடியாது என்றுதான் சொல்ல இருந்தேன். என் ஆத்தா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துத்தான் நாலடி நடக்கிறது. கண்ணும் மங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் விடியுமுன் ஜீப் எடுத்தால் பொழுது சாயத்தான் வருகிறார். ஆத்தாவைக் குளிப்பாட்டவும் சேலை மாற்றவும் பெண் துணை வேண்டும். விஷயம் எப்படியோ தெரிந்து பவித்ரா வந்து நின்றாள். அவளைக் கட்டிக்கொடுத்தது இதே ஊரில்தான், அடுத்த தெருவில். வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறாள்.

"நான் பாத்துக்கிறேன் சின்னம்மா. தையல் மிசினத் தூக்கிட்டு இங்கன வந்துட்டா ஆச்சு. நீங்க போயிட்டு வாங்க. எங்கம்மாவுக்குத்தான் கிடைக்கல" என்றாள்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவள் வந்து ஆத்தாவின் மாத்திரைகளை வேளைவேளையாகப் பிரித்து டப்பாவில் போட்டுப் பழகினாள். ஆத்தாவை எந்தப் பக்கம் பிடித்து எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவள் குனிகிறபோது உன் முதுகு தெரியும். இவளிடம் சொல்லாமல் இந்த வாசலைத் தாண்டினால் நான் மனுஷியே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை, பின்வாசலில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, நானாகச் சொன்ன பொய் என்றேன். பவித்ரா கையிலிருந்த காயைக் கீழே போடவில்லை, உரிக்கவும் இல்லை.

"அம்மா போகக்கூடாதுன்னு அன்னைக்கு நான் வயித்துவலின்னு பொய் சொல்லிப் படுத்துக்கிட்டேன்" என்றாள். "அதுக்கப்பறம் அம்மா போகல. என்னைய விட்டுப் போக மனசு வரலைன்னு நெனச்சேன். பள்ளிக்கூடத்துல எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன், எங்கம்மா எனக்காக நாடகத்தையே விட்டுருச்சுன்னு. பெறகு வெவரம் தெரிஞ்சதும், நான்தான் கெடுத்துட்டேன்னு அழுதிருக்கேன். இப்ப ரெண்டும் இல்லேங்கிறீக."

முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். "எங்கம்மா போகணும்னுதான் நெனச்சிருக்கு. என்னைய விட்டுட்டுப் போகத்தான் துணிஞ்சு இருந்திருக்கு" என்றாள். அது என்னைக் குற்றம் சொல்கிற குரலில்கூட இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

உன்னிடமிருந்து ஒரு சீசனை எடுத்தேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவளிடம் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தேன், அதையும் இப்போது பிடுங்கிக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். "அதான் என்னையக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போச்சா அந்தப் புள்ள? நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு எம்புட்டு நாளு யோசிச்சிருக்கேன். கேட்டிருந்தா, தாராளமா வச்சுக்கிருவோம்னு சொல்லியிருப்பேனேடி" என்றார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் பிசைந்து, தின்னாமலே கையைக் கழுவினார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், குமுளியில் எந்த பஸ் மாற வேண்டும் என்று விசாரித்துவந்து சொன்னார்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நாலு நாளும் பவித்ரா வரவில்லை. ராமக்கல்மேட்டிலிருந்து இறங்குகிற ஆடிக்காற்று கதவைத் தட்டும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். ஆத்தாவைக் குளிப்பாட்டினேன், மேனேஜரிடம் வரமுடியாது என்று சொல்லப் போனை எடுத்தேன், வைத்தேன். நான் போகாமல் இருந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்றுகூட ஒரு கிறுக்கு யோசனை வந்தது. நீ போகாததற்கு நான் போகாதது எப்படி ஈடாகும்? அதிலும் நான் என்னைத்தான் பெரிதாக்கிக்கொள்கிறேன் என்று பட்டது.

இன்று காலை தெருவில் ஆட்டோ நின்றது. பவித்ராவின் வீட்டுக்காரர் தையல் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தார். அவள் துணிமூட்டையோடு உள்ளே வந்து, ஜன்னல் பக்கம் வெளிச்சம் பார்த்து இடம் காட்டினாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பவித்ரா, உனக்கு மனசில்லைன்னா வேணாம்த்தா. நான் போகல" என்றேன்.

"மனசு இருக்கா இல்லையான்னு நீங்க கேக்க வேணாம் சின்னம்மா" என்றாள். "பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல. சொன்னத மாத்திப் பேச எனக்குத் தெரியாது."

அவள் அதைக் குத்திக் காட்டத்தான் சொன்னாள். எனக்குக் குத்தவும் செய்தது. இருந்தாலும் அவள் உன் பிள்ளை என்ற நிம்மதியும் அந்தக் குத்தோடு சேர்ந்தே வந்தது. மதியம் ஆத்தாவுக்கு அவளே சோறு ஊட்டினாள். போகும்போது, வாசலில் திரும்பி நிற்காமலே, "எப்ப திரும்புவீக?" என்றாள்.

"நீ கூப்புட்டா அன்னைக்கே வந்துருவேன்."

"கூப்புட மாட்டேன். முழுசா முடிச்சுட்டு வாங்க."

அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய ஆள் நீ.

இப்போது சாயங்காலம். பை நிறைந்துவிட்டது. மேனேஜர் அனுப்பிய முதல் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தில் நின்று நடித்துப் பார்த்தேன். அந்த அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி, வெறும் கையை உதறிவிட்டுச் சிரிக்க வேண்டும். ஒரு வசனமும் கிடையாது. முதல் தடவை வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. மூன்றாவது தடவை தொண்டையிலிருந்து தானாகக் கிளம்பியது. பாதியில் உடைந்து, மூக்கால் முடிகிற சிரிப்பு. அது என்னுடையதே இல்லை. எத்தனை வருடமாக அதை உள்ளே வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. "யாரு, அவளா வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஆத்தா உன் பேரைச் சொன்னது.

ஆமாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல ஆத்தா, நான்தான்" என்றேன்.