என் கிட்னியை விட்டுவிடு

அன்புத் தம்பிக்கு,

என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் நுரையீரலில் பூஞ்சை பிடித்திருக்கிறதாம். மற்றவர்களை அது ஒன்றும் செய்யாதாம். நான் கொடுத்த கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க நீ சாப்பிடும் மாத்திரைதான் உன் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்திருக்கிறது. அதை நிறுத்தினால்தான் பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் கிட்னி போனாலும் போகலாம் என்றார் டாக்டர்.

நீ மாட்டேன் என்றாயாமே. "அக்கா கொடுத்தது சார், விடமாட்டேன்" என்றாயாம்.

சண்டை வந்தால் "என் கிட்னியைத் திருப்பிக் கொடுடா" என்பேனே, அதெல்லாம் விளையாட்டுக்குடா. போனால் போகட்டும். டயாலிசிஸ் நமக்கென்ன புதுசா? நானும் கூட வந்து உட்காருகிறேன்.

நீ இருமுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்த முறை கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. சம்மதம் என்று தலையை மட்டும் ஆட்டு. எனக்கு இங்கிருந்தே தெரியும்.

உன் அக்கா