பெரியமதகு என்று சொன்ன வாய்

நேற்று கும்பகோணம் பேருந்தில் முன்சீட்டுக்காரர் நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்தார். அவ்வளவுதான், எனக்கு முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. நாடக ஒத்திகை முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து அந்தக் குட்டிப் புட்டியை எடுத்து, "தடவு மாப்ள, நாளைக்கும் விழணும்ல" என்று நீட்டுவாய். நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் இன்னும் ஊர் ஊராக விழுந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களின் கதையைத் தெருவில் நடிப்பது என்று நம் குழு முடிவு செய்தபோது, முதலில் வாய் திறந்தவன், அங்கே வேலை பார்த்துத் திரும்பியிருந்த நீதான். முதலாளி பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்துக்கொள்வதையும், அவர் கையெழுத்து இல்லாமல் அந்த நாட்டைவிட்டு அசைய முடியாததையும் வக்கீல் மாதிரி விளக்கினாய். "போறதுக்கு நம்ம கவர்மெண்ட் முத்திரை வேணும். வர்றதுக்கு அவன் மனசு வேணும்" என்றாய். அதை அப்படியே வசனமாக்கினேன்.

பிறகு ஒரு மத்தியானம், குடவாசல் டீக்கடை பெஞ்சில், உன் அப்பா செத்த கதையைச் சொன்னாய். வயலுக்குத் தண்ணீர் விட மதகு திறக்கப் போன இடத்தில் அவருக்கு மாரடைப்பு. சேதி கேட்டதும் பாஸ்போர்ட்டுக்காக முதலாளியின் காலில் விழுந்திருக்கிறாய். அவர் காலை உருவிக்கொண்டு, போன் பேசியபடியே உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு என்ன சொன்னாய்? "வேலை தலைக்கு மேல கெடக்கு, வர முடியாது!" மூத்தவன் நீ இருக்க, உன் தம்பி கொள்ளி வைத்தான். ஒப்பந்தம் முடிந்து நீ ஊர் திரும்பிய பிறகும் அம்மா உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உண்மையச் சொல்லித் தொலைய வேண்டியதுதானேடா?" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "கல்நெஞ்சுக்காரன்னு திட்டட்டும் மாப்ள. கால்ல விழுந்தவன்னு தெரிய வேணாம்."

கதையை எடுத்துக்கொள், என்னுடையது என்று மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது என்றாய். உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நம் குழுவின் பழக்கம் உனக்குத் தெரியும். எந்த ஊரில் ஆடுகிறோமோ அந்த ஊர் மதகின் பெயரையோ தெருவின் பெயரையோ வசனத்தில் செருகுவோம். சனம் சட்டென்று நிமிர்ந்து உட்காரும். உங்கள் ஊரில் ஆடிய அன்று முதலாளி வேஷக்காரனின் காலைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா பெரியமதகுல செத்துக் கெடக்குறாருங்கய்யா" என்று கதறினேன். பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பெரியமதகில் செத்தவர் உங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான்.

உங்கள் ஊர்ச்சனம் திரும்பி உன்னைத் தேடியது. முன்வரிசையில் இருந்த உன் அம்மா எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எந்திரிப்பா. போதும், எந்திரி." அதுவும் நாடகம்தான் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் சிலர் கைதட்டினார்கள். நீ பின்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். வந்து என் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். அதைக்கூட நீ செய்யவில்லை.

மறுவாரம், பாவி நான், அசட்டுத்தனமாகக் கேட்டேன்: "அம்மாவும் நீயும் சேந்தாச்சுல்ல? நல்லதுதானே?"

"சேந்தாச்சு. சோத்தப் போட்டுட்டு எதுத்தாப்புல ஒக்காந்து அழுவுது. திட்டுனப்ப நான் அதுக்கு மவனா இருந்தேன் மாப்ள. இப்ப பாவப்பட்டவனாயிட்டேன்."

இரண்டே மாதத்தில் வேறொரு நாட்டுக்கு விசா வாங்கிக் கிளம்பிவிட்டாய். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆறாம் மாதம், தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று சேதி வந்தது. காகிதமெல்லாம் சரியாகி உன் உடல் வர மூன்று வாரம் ஆனது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். உன் முகத்தைப் பார்க்காததால்தானோ என்னவோ, நீ போனதை என் மனசு ஒப்ப மறுக்கிறது. எந்த ஊரில் ஆடினாலும் ஸ்பீக்கர் பக்கத்தில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். வசனத்தின் நடுவே அந்தப் பக்கம் திரும்ப எனக்குப் பயமாக இருக்கிறதடா.

கருமாதி முடிந்த மறுநாள் உன் அம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், செய்வியா?"

"சொல்லுங்கம்மா."

"எம்மவன் எவன் கால்லயும் விழல. நாடகத்துக்காக நீயா கட்டுனதுன்னு ஊருக்கு முன்னாடி சொல்லிடு."

"அம்மா, உங்களுக்குத் தெரியுமே…"

"எனக்குத் தெரிஞ்சதையே அவனால தாங்க முடியல. ஊருக்கு வேணாம்."

சொன்னேன். உங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று, அந்தக் காட்சி முழுக்க என் கற்பனை என்று சொன்னேன். உண்மையைத் தெருவுக்குக் கொண்டுவருவோம் என்று மார்தட்டிய குழு அல்லவா? கோழை என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். இப்போது எல்லா ஊரிலும் விழுந்து எழுந்ததும் சனத்தைப் பார்த்து அதையே சொல்கிறேன். இந்தப் பொய் ஒன்றுதான் உனக்கு நான் செய்ய முடிந்தது.

போன வாரம் நாகப்பட்டினத்தில் ஆட்டம். கூட்டம் கலையும்வரை ஒருவர் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவராம். அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கற்பனைன்னு சொன்னீங்களே, ரொம்ப நன்றிங்க" என்றார் தாழ்ந்த குரலில். "எங்க வீட்டுக்காரம்மா பாத்துக்கிட்டு இருந்தாங்க."